திங்கட்கிழமை யார் மணியடிப்பார்கள்?

காலையில் முதல் வேலையாக, குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஆட்டிசம். திடீர்ச் சத்தம் அவளுக்கு ஆகாது.

முதல் வகுப்பில் பள்ளி மணிக்குப் பயந்து, பஸ் வரும் ரோடு வரை ஓடிவிட்டாள். அதன்பின் அவளுடைய டீச்சர் மணியடிக்கும் கம்பியை அவள் கையிலேயே கொடுத்தார். தானே அடிக்கும் சத்தத்துக்கு அவள் பயப்படுவதில்லை.

இன்று எட்டயபுரம் பஸ்ஸில் அதே டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, எனக்கு மாறுதல் வந்துட்டு. திங்கக்கிழமை புது ஸ்கூல்ல சேரணும்."

"அடுத்து வாரவியகிட்ட மணி விஷயத்தச் சொல்லுவீங்களா டீச்சர்?"

"சொல்லாம இருப்பனா? அவிய கேக்கணுமே. 'பிள்ளைய வேலை வாங்குதீங்களா'ன்னு எங்கிட்டயே ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு."

"எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?"

"இதப் போயி யாருக்கா எழுதுவா? எனக்குத்தான் தெரியுமேன்னு இருந்துட்டேன்."

நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன். திங்கட்கிழமை வேறு யாரோ மணியடிப்பார்கள். வாசலுக்கு வெளியே அதே ரோடு. பஸ் கோவில்பட்டி வந்து சேரும்வரை அது மட்டுமே கண்ணில் நின்றது.

நாளை மறுநாள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். இந்த மூன்று வருடமும் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்தவள் நான். இந்த முறை எழுந்து, மணி அவள்தான் அடிக்க வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதவைக்கப் போகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

அவளுக்காவது மற்றவர்கள் எழுப்பும் சத்தம்தான் பயம். என் குரலுக்கே பயப்படும் எனக்கு என்ன வைத்தியம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.