பச்சைக் கல்லுக்கு அபிஷேகம்

அன்றைக்குத் தீர்த்தப் பாத்திரத்தைக் கவிழ்த்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. பதினோரு வயதில் படாத வருத்தம் இப்போது மட்டும் எதற்கு?

மாமா சுரங்கக் கற்களை ஆராய்கிறவர். என் பிறந்தநாளுக்குக் கண்ணாடிச் சிமிழில் நீலம் கலந்த பச்சைக் கல் ஒன்று கொடுத்தார். பெயர் ரெட்கர்சைட். நிக்கல் சல்பேட்டோடு ஆறு பங்கு தண்ணீர் சேர்ந்து உறைந்த படிகம் என்றார். நகம் பட்டாலே கீறல் விழும், தண்ணீர் பட்டால் கரையும், அதனால்தான் மழை அதிகம் தொடாத இடங்களில் அபூர்வமாகக் கிடைக்கிறது, வாயில் வைத்தால் விஷம் என்றெல்லாம் சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்லவைத்தார்.

அபிராமபுரத்து வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். பச்சையாக எதைக் கண்டாலும் அவருக்கு மரகதம். ஒரு வெள்ளிக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் கல் சிமிழை விட்டுச் சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அபிஷேகமும் முடிந்திருந்தது. பாதிக் கல்லைக் காணோம், தண்ணீர் பச்சையாகியிருந்தது. பெரியப்பா பக்தியில் உருகிப்போயிருந்தார். பெரியம்மா, அப்பா, அம்மா எல்லோரும் வலது கையைக் குழித்துக்கொண்டு தீர்த்தத்துக்கு நின்றார்கள்.

விஷம் என்று மூன்று தடவை சொன்னேன். பூஜை நேரத்தில் பேசக்கூடாது என்று மூன்று தடவையும் பதில் வந்தது. பெரியப்பா தீர்த்தம் மொள்ள உத்தரணியை எடுத்ததும் பாத்திரத்தைத் தட்டிக் கவிழ்த்தேன். அப்பா விட்ட அறையில் காது அடைத்துக்கொண்டது.

"விழுந்து நமஸ்காரம் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கோ" என்றார் பெரியப்பா.

"மாட்டேன். அது விஷம். யாரும் குடிக்கப்படாது."

மன்னிப்புக் கேட்கும்வரை சாப்பாடு கிடையாது என்றார்கள். பசியே இல்லை என்றேன். சுத்தப் பொய். சாயங்காலம் மாமா வந்து நான் சொன்னதையே சொன்னார். பெரிய மனுஷர் வாயால் வந்ததும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்காக அவருக்கு நல்ல அர்ச்சனை நடந்தது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா மட்டும் தட்டில் சாதம் போட்டு வைத்தாள்.

மறுநாள் பூஜை முடிந்ததும் பெரியப்பா உத்தரணியோடு நேராக என்னிடம் வந்தார். எங்கள் வீட்டில் தீர்த்தம் வயது வரிசையில்தான் போகும், கடைசிக் கை என்னுடையது. அன்று என் முன்னால் குனிந்து நின்றார். என்னைப் பணியவைக்கப் பார்க்கிறார் என்று நினைத்து இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பெரியம்மாவிடம் போய்விட்டார்.

ஜன்மத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத மனுஷர் அப்போது என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.