தகட்டைத் திருப்பிய கை

ஊரில் டைவிங் கிளப் மொத்தம் மூன்று. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் வேண்டும்? லிப்ட் மெக்கானிக் ஐந்து வாரமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், கடலுக்கடியில் போய்ப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்கு அந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவன் அவள் மாமா. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கடலுக்கடியில் பார்த்ததும் பார்க்காததுமாக அளந்துவிடுவான். அந்த மாமா செத்ததும் அதே கடலில்தான். மெக்கானிக் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், எந்தக் கிளப் என்பதை மட்டும் நான்தான் முடிவு பண்ணுவேன் என்று ஒரு நிபந்தனை போட்டார். அவளும் விவரம் தெரியாமல் சரி என்றுவிட்டாள்.

முதல் கிளப்பில் கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க மீன் படம். மேனேஜர் பேச்சில் தேன் ஒழுகியது. மெக்கானிக் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எல்லாரும் படகுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? தலையை எண்ணுவோம், அதிலென்ன பெரிய வித்தை என்றார் மேனேஜர். மகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார்.

இரண்டாவது கிளப்பில் தலையை எண்ணவில்லை, பலகை வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு தகடு. தகட்டின் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளை. தண்ணீருக்குள் இறங்கும்போது சிவப்பு தெரிய மாட்ட வேண்டும், ஏறியதும் வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். எல்லாம் வெள்ளையானால்தான் படகு கரைக்குக் கிளம்பும். அவரவர் தகட்டை அவரவர்தான் திருப்ப வேண்டும். பெற்ற தாயே ஆனாலும் அடுத்தவர் கை வைக்கக் கூடாது. ஆனால் அங்கே சிலிண்டருக்குக் காற்று நிரப்புகிற ஆள் போனில் யாருடனோ சிரித்துக்கொண்டே, அத்தனை தகட்டையும் வரிசையாகப் படபடவென்று வெள்ளைக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் மெக்கானிக் நடையைக் கட்டினார். வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு எரிச்சலான எரிச்சல். நொட்டை சொல்வதற்கென்றே பிறந்தவர் நம் அப்பா என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் என்ன கண்டாள், பாவம். வீட்டில் யாருக்கும் தெரியாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் அவரும் மச்சானும், அதாவது மனைவியின் தம்பியும், ஜோடியாகத்தான் கடலில் இறங்கினார்கள். இவர் சிலிண்டரில் காற்று சீக்கிரம் குறைந்தது. மேலே போகலாம் என்று கையைக் காட்டினார். மச்சான் ஒரு பாறையைச் சுட்டி, ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினான். ஜோடியை விட்டுப் பிரியக் கூடாதுதான். ஒரு நிமிஷம்தானே என்று இவர் மேலே வந்துவிட்டார். படகில் ஏறினால் திடீர் மழை, காற்று, கிளம்பு கிளம்பு என்று படகோட்டியின் கூப்பாடு. பெஞ்சுக்கடியில் மஞ்சள் நிறத்தில், நீந்தக் காலில் மாட்டுகிற துடுப்பு ஒரு ஜோடி கிடந்தது. மச்சானுடையதும் மஞ்சள்தான். ஏறிவிட்டான், உள்ளே உடை மாற்றுகிறான் என்று நினைத்தார். அந்தப் படகிலும் தகட்டுப் பலகை உண்டு. அதில் மச்சானுடையது மட்டும் சிவப்பு. எப்போதும் போல மறந்துவிட்டான் என்று தலையிலடித்துக்கொண்டு, தன் கையாலேயே அதைத் திருப்பிவிட்டார். பெரிய உபகாரம்!

கரையில் சாமான் இறக்கும்போதுதான் மச்சானைத் தேடினார்கள். திரும்பிப் போய் இருட்டும் வரை அலைந்தார்கள். மறுநாள் காலை மீனவர்கள்தான் உடலைக் கொண்டுவந்தார்கள். விசாரணையில் தகடு வெள்ளையாக இருந்ததைப் பார்த்தார்கள். அவனே ஏறியிருக்கிறான், திருப்பியிருக்கிறான், அப்புறம் எதையோ எடுக்க யாரிடமும் சொல்லாமல் மறுபடி குதித்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். விளையாட்டுப் பிள்ளை, செய்யக்கூடியவன்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். மெக்கானிக்கும் தலையாட்டினார். அன்றைக்கு ஆட்டிய தலைதான், அப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் மனைவி தம்பியின் படத்தைக்கூட வீட்டில் மாட்டவில்லை. திமிரெடுத்துப் போய்ச் செத்தான், எங்களை நினைத்துப் பார்த்தானா என்று இன்றைக்கும் கரித்துக்கொட்டுவாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

தண்ணீருக்கடியில் ஒருவரை ஒருவர் கூப்பிட, சிலிண்டரில் கத்திப் பிடியால் தட்டுவார்கள். டங், டங், டங். லிப்டுக் குழிக்குள் இறங்கி மோட்டாரை நிறுத்தினால் அந்தச் சத்தம் இவருக்குக் கேட்கும். இரண்டு மாடிக்கு நடுவில் யாரோ மாட்டிக்கொண்டு தட்டுகிறார்கள் என்று ஆளில்லாத லிப்டை எத்தனையோ தடவை ஓடிப்போய்த் திறந்திருக்கிறார். பட்டப்பகலில், பத்துப் பேர் நடமாடுகிற கட்டடத்தில். உள்ளே ஒன்றும் இருக்காது. கூட வேலை செய்பவர்கள் அண்ணனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

மூன்றாவது கிளப் பழைய நீச்சல் குளத்தை ஒட்டி ஒற்றை அறை. நடத்துவது ரிட்டயரான ஒரு நர்ஸம்மா. சிரிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற முகம். குளத்தில் பழகுகிறவர்களுக்கும் தகடுதான். மகளிடம் ஒன்றைக் கொடுத்து, இதை நீ தவிர யாரும் தொடக் கூடாது, நீயும் இன்னொருத்தருடையதைத் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக மெக்கானிக்குக்கு மூச்சு சீராக வந்தது.

சேருமுன் ஒரு தடவை இறங்கிப் பார்க்கட்டும் என்று நர்ஸம்மா மகளுக்கு ஜோடியாக, அங்கே பழகுகிற ஒரு பள்ளிக்கூட டீச்சரை இறக்கினார். கால் மணி கழித்து மகள் முதலில் ஏறி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தன் தகட்டைத் திருப்பினாள். அதே கையோடு பக்கத்து ஆணியில் இருந்த டீச்சருடையதையும் திருப்பிவிட்டாள். டீச்சரோ இன்னும் குளத்தின் அடியில் நின்று முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நர்ஸம்மா விசிலடித்து எல்லாரையும் மேலே ஏற்றினார். அந்தத் தகட்டின் மேல் விரலை வைத்து, "இது யார் திருப்பினது?" என்றார்.

"நான்தான் ஆன்ட்டி. டீச்சர் பின்னாடியே வந்துட்டிருந்தாங்க."

மூன்று மாசம் தண்ணீர்ப் பக்கமே வராதே, அப்புறம் வா, முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார் நர்ஸம்மா. குரலைக்கூட உயர்த்தவில்லை. மகளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அப்பா பரிந்து பேசுவார் என்று இவர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தகடுப்பா. அதனால இப்ப யாரு செத்துப் போயிட்டாங்க?"

"உங்க மாமா," என்றார் மெக்கானிக்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஈரத் தரையில் நின்றபடியே மழை, மஞ்சள் துடுப்பு, பலகை, விசாரணை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நர்ஸம்மா டீச்சரைக் கூட்டிக்கொண்டு குளத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். மகள் அழவில்லை.

"அம்மா பதினோரு வருஷமா மாமாவைத் திட்டிட்டிருக்காங்கப்பா."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

அவள் அறைக்குள் போய் விண்ணப்பத்தை எடுத்து, மூன்று மாசம் தள்ளித் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். சேருவது இந்தக் கிளப்தான் என்பதில் யாருக்கும் பேச்சில்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடேன் என்று மெக்கானிக் வாசலில் கெஞ்சினார். அவள் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே சொன்னார். பாதியில் மெஷின் நின்றது. அவள் கத்துவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அவன் மேல வந்து தேடியிருப்பான்ல. நீங்க படகுல போறது அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

இந்தக் கணக்கை அவர் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறார். காற்று எவ்வளவு பாக்கி, எப்போது மேலே வந்திருப்பான், படகு அப்போது எவ்வளவு தூரம் போயிருக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் அவர் முகத்தையே பார்த்தாள்.

"தெரிஞ்சிருக்கும்," என்றார்.