சாலைக்கு அடியில் ஒரு கிணறு

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு நான் தினமும் போன ஷேர் ஆட்டோவை ஓட்டியவருக்கு முன்மயிர் மட்டும் கறுப்பு. சாயம் பின்னந்தலை வரை போனதே இல்லை. வழவழப்பான தார்ச்சாலையில் ஓரிடம் வந்தால் மட்டும் வண்டியைச் சட்டென்று ஒடித்து, வளைத்துக்கொண்டு போவார். நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்வோம்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன். “பள்ளமே இல்லையே, எதுக்கு இப்படி ஒடிக்கிறீங்க?”

“அடில கெணறு கீது சார். மூடிட்டு ரோடு போட்டுட்டானுங்க. எங்க தெருவே அந்தத் தண்ணியதான் குடிச்சிது. அது மேல எப்டி சார் வண்டிய ஏத்துறது?”

அவரைப் பார்த்து வருஷங்களாகிவிட்டன. இப்போது ஸ்கூட்டரில் போகிறேன். அந்த இடம் வந்ததும் கை தானாக ஒடிக்கிறது. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துத் திட்டுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்குக் கிணறு தெரியாது.