பைக்குள் என்ன இருந்தது, சிஸ்டர்?

மகளின் வளைகாப்புக்காகச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகையை மோந்து பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. பூக்காரி கோமதி கைப்பேசியை வைத்துவிட்டு, "ஏக்கா, நம்ம ஜெபமணி சிஸ்டர் போயிட்டாவளாம்" என்றாள். ஒரு நொடி எனக்கு மூச்சு நின்றது. சிஸ்டர் பார்த்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்கள்.

ஜெபமணி சிஸ்டர் பிரசவ வார்டிலேயே தம் பணிக்காலத்தைக் கழித்த செவிலியர். கர்ப்பிணிகளை உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்கள். "மல்லியப்பூவ மோந்து பாக்க மாதிரி மூக்கால இழு. சுடுகாப்பிய ஊதுத மாதிரி வாயால மெதுவா விடு." பாடம் அவ்வளவுதான். மகள் என் வயிற்றில் இருந்தபோது அதையும் நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் என் நாத்தனாரைப் பற்றிய முக்கியமான தகவல்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வினை பிரசவத்தன்று வந்தது. வலி எடுத்ததும் மூச்சை அடக்கினேன்; பிறகு ஊரே கேட்கக் கத்தினேன். மதியத்துக்குள் துவண்டுவிட்டேன். "இப்படிக் களைச்சுப்போனா கடைசியில முக்கத் தெம்பு இருக்காதும்மா" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அப்போதுதான் பயம் பிடித்தது.

சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். என்னைப் பற்றி அவர்களுக்குத் தெரியும்.

"ஏட்டி, சங்கதி தெரியுமா? கரிவலத்துல ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு அம்மா ஒரு மஞ்சப்பைய கீழ வைக்கவே இல்ல. சாப்பிடும்போதும் மடியில. தாலி கட்டப் போற நேரம், பொண்ணுக்கு அத்தக்காரி வெடுக்குனு புடுங்கித் தொறந்தா..."

"தொறந்தா?"

"வலி வருது பாரு. பூவ மோந்து பாரு. ம், காப்பிய ஊது. ஊதி முடி, சொல்லுதேன்."

ஊதினேன். அடுத்த வலிக்கும் ஊதினேன். இடையிடையே அத்தைக்காரியின் பூர்வீகம், பந்தியின் உப்பில்லாத சாம்பார் எல்லாம் வந்தன. பை மட்டும் திறக்கவில்லை. சாயங்காலம் மகள் பிறந்தாள். அவள் அழுது முடிக்கும் முன்பே, "பைக்குள்ள என்ன சிஸ்டர் இருந்துச்சு?" என்றேன்.

"அடுத்த பிரசவத்துக்கு வா, சொல்லுதேன்."

அடுத்தது வாய்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண வீடுகளிலும் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். அதே பதில்தான்.

நேற்று துக்க வீட்டில், இனி யாரிடம் கேட்பேன் என்று கோமதியின் காதில் புலம்பினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மஞ்சப்பையா? மூணு பெத்த எனக்கே தெரியாதுக்கா!" என்றாள். முன்னால் இருந்த இரண்டு பெண்கள் திரும்பி, "ஒங்களுக்குமா?" என்றார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பயத்தில் இப்போதே மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். நேற்று ராத்திரி அவளருகில் உட்கார்ந்து, "கரிவலத்துல ஒரு கல்யாணம்" என்று ஆரம்பித்தேன்.

"தொறந்தா? சொல்லும்மா!"

"மொதல்ல பூவ மோந்து பாரு."

மோந்தாள். ஊதினாள். தோள் இறங்கியது.

போய் வாருங்கள், சிஸ்டர். பை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. திறக்க மாட்டேன்.