செவலைப் பசுவும் மூன்று கிளிக்கும்

மாடு ஓரிடத்தில் நிற்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போனேன். எச்.டி.ஆர். என்பது ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என அடுத்தடுத்து எடுத்து கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பது. அப்போதுதான் சூரியன் இறங்கும் வானமும் தெரியும், அதன் முன்னால் நிற்கும் மாடும் தெரியும். இல்லாவிட்டால் மாடு வெறும் கரிக்கட்டை. மலையும் கோபுரமும் இதற்கு ஒத்துழைக்கும். எங்கள் கள்ளிக்குப்பத்து மாடுகளுக்கு அந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. முதல் கிளிக்குக்கும் மூன்றாவது கிளிக்குக்கும் நடுவில் வாலை வீசும், காதை ஆட்டும், சாவகாசமாகச் சாணி போடும். சேர்த்துப் பார்த்தால் ஐந்து கால், இரண்டு வால்.

அன்று ஒன்று மட்டும் நின்றது. எங்கள் அடுக்குமாடிக்குப் பால் ஊற்றும் அம்மாவின் செவலைப் பசு. கன்று ஈன்று சில வாரங்களே ஆகியிருந்தன. விற்காத மனைகளுக்கு நடுவே, மேற்கே வெயில் இறங்க, சிலை மாதிரி நின்றது. மடி நரம்பு, முதுகு மயிர், மூக்கில் உட்கார்ந்த ஈ வரை எல்லாம் படத்தில் விழுந்தன. வானத்தில் ஆரஞ்சு கொஞ்சம் ஓவர்தான். எச்.டி.ஆர். போடுகிறவனுக்கு அடக்கம் எங்கிருந்து வரும்? குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பால் வரவில்லை. அதற்கடுத்த நாள் பால்காரம்மா வெறுங்கையோடு வந்து நின்றார். படம் எடுத்ததிலிருந்து பசு பாலை அடக்கிக்கொண்டதாம், மடியில் கை வைத்தால் உதைக்கிறதாம்.

"கறக்குற மாட்ட ஒரு வாட்டி கண்ணு வெச்சாலே தாங்காது சார். நீங்க மூணு வாட்டி வெச்சிகிறீங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கேமராவுக்கு ஏது கண் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்க வரவில்லை. என் காலடி மண்ணை எடுத்து, மிளகாய் உப்போடு மாட்டுக்குச் சுற்றி நெருப்பில் போட வேண்டும், அவ்வளவுதான். மண்ணுக்கு எங்கே போவது? மூன்றாம் மாடியில் வழவழவென்று டைல்ஸ், கீழே கார் நிறுத்துமிடம் முழுக்க சிமென்ட் கல். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத என் மனைவி, கிறிஸ்தவர்களுக்கு இதெல்லாம் ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே நல்ல காய்ந்த மிளகாயாகப் பொறுக்கிக் கொடுத்தாள். கடைசியில் பால்காரம்மா காலி மனையில் என்னை வெறுங்காலோடு நடக்கவிட்டு, பின்னாலேயே வந்து மண்ணை அள்ளிக்கொண்டார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சாய்ப்புதான் மாட்டுக்கொட்டகை. அங்கே எனக்கு விசாரணை. சுற்றிய மிளகாயை நெருப்பில் போட்டு நெடி வராவிட்டால் திருஷ்டி பட்டது உண்மை. நெடி வந்தால் திருஷ்டியே இல்லை. இத்தனை வருஷம் பகுத்தறிவு பேசித் திரிந்த நான், கடவுளே நெடி வரட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

வந்தது. மூக்கிலும் கண்ணிலும் நீராகக் கொட்டியது. குனிந்து குனிந்து இருமினேன், பசுகூடத் தும்மியது. விடுதலையான மிதப்பில் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

அவரும் இருமிக்கொண்டே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"அப்போ உங்க கண்ணு இல்ல சார். உள்ள இன்னாவோ நோவு கீது."

இதற்கு முன்பிருந்த மாடு இப்படி ஆரம்பித்துத்தான் மடி நோயில் செத்ததாம். இப்போது வீட்டில் கறப்பது இது ஒன்றுதான். என் கண்ணாக இருந்திருந்தால் மிளகாயோடு போயிருக்கும். நான்தான் குற்றவாளி என்று ஆகிவிட வேண்டுமென்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்றார்.

மிளகாய் மிச்சம் இருந்தது.

"இன்னொரு வாட்டி சுத்திப் போடுங்கக்கா," என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்தார். மறுபடி சுற்றி நெருப்பில் போட்டார். புகை கிளம்பியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, இருமாமல் நின்றேன். அவரும் இருமவில்லை.