அப்பாவின் சுத்தமான ரத்தம்

நுரையீரல் திடீரென்று வீங்கி நீர் கோத்து, வென்டிலேட்டரில் கிடப்பவர்களின் ரத்தத்தைப் பரிசோதிப்பது அப்போது என் வேலை. ரத்தத்தில் உள்ள சில புரதங்களின் அளவை வைத்து, யாருடைய நிலைமை மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். ஆள் கிடைக்காமல் திண்டாடினோம்.

தலைநகரின் கிட்வாய் நகரில், எங்கள் அரசு குவார்ட்டர்ஸில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அப்பா மத்திய அரசு அதிகாரி. தினமும் பார்க்கில் நடப்பவர், மூச்சுப் பயிற்சி செய்பவர், இரண்டையும் செய்யாதவர்களுக்கு அறிவுரை சொல்பவர். மறுநாளே தன் வாக்கிங் கூட்டாளிகளைத் திரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ரத்தம் எடுத்த நர்ஸ் கேரளத்துக்காரர், தமிழ் புரியும். "நல்லா எடுத்துக்கோம்மா, சுத்தமான ரத்தம்" என்று அப்பா சொன்னதும் சிரித்துவிட்டார்.

சாம்பிளில் பெயர் இருக்காது, எண்தான். அப்பா தன் எண்ணை மனப்பாடம் செய்து பார்க் முழுக்கச் சொல்லியிருந்தார். என்னிடமும் தினம் விசாரித்தார். இன்னும் முடிவு வரவில்லை என்று நான் சொன்னதை, பெருமையை அடக்கி வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. அந்த எண்ணுக்கு நேரே, உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் புரதம் எக்கச்சக்கமாக இருந்தது. எங்கள் நோயாளிகளிலேயே சிலருக்கு அவ்வளவு இல்லை. அது அப்பாவின் எண் என்று ஆராய்ச்சியை நடத்திய டாக்டரிடம் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் செய்தார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று அப்பா ஸ்பீக்கரைப் போட்டார். காய்ச்சலா, இருமலா, எங்காவது வலியா என்று டாக்டர் ஹிந்தியில் கேட்க, "பில்குல் நஹி ஜி", அறவே இல்லை, என்றார் அப்பா.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். திருநெல்வேலியை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சு மாறாதவள்.

"பொய் சொல்லாதீங்க. ஒரு பக்கமாவே மெல்லுதீங்க, சட்டைப் பையில கிராம்பு கெடக்கு. பல் டாக்டர்ட்ட போகப் பயம்னு சொல்லுங்க."

மேடம் என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். அப்பா ஸ்பீக்கரை அணைக்கத் தடவினார். நான் ஹிந்தியில் சொன்னேன்.

பல் டாக்டர் பார்த்தபோது, கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். பிடுங்க வேண்டியதாயிற்று. இந்தப் புரதம் கூடினால் அழற்சி இருக்கிறது என்றுதான் தெரியும், நுரையீரலிலா பல்லிலா என்று தெரியாது, அதனால்தான் பல புரதங்களைச் சேர்த்துப் பார்க்கிறோம் என்று எங்கள் ஆராய்ச்சி டாக்டர் விளக்கினார். வீங்கிய கன்னத்தோடு கேட்டுக்கொண்டிருந்த அப்பா, அப்படியானால் டெஸ்ட்தான் சரியில்லை என்று முடிவு செய்தார்.

அவருடைய சாம்பிளை ஒதுக்கிவிட்டு, பார்க் பக்கமே போகாத அம்மாவின் ரத்தத்தை எடுத்தோம். ஒரு குறையும் இல்லை. வாக்கிங் கூட்டாளிகள் வீட்டுக்கே வந்து, அப்படி என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"வீட்ல இவங்க எல்லாம் சாப்ட்ட பொறவு என்ன மிஞ்சுதோ அது" என்றாள் அம்மா.