சாயம் போனா என்னை வந்து அடி

எல்லம்மா அடி வாங்கினது ஒரு செவ்வாய்க்கெழம, பகல் பன்னெண்டு மணிக்கு. தெருவே நின்னு பாத்துச்சு. பாத்தவங்க அத்தினி பேரும் அப்பால சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: அவதானே வந்து அடின்னு சொன்னா. அதக் கேட்டா எனக்கு வயிறு எரியுது. அதனாலதான் மொதல்லேருந்து சொல்றேன்.

என் பேரு மஹாலட்சுமி. பிள்ளையார்பாளையம். எங்க வீட்ல ரெண்டு தறி ஓடுது, ஆனா நான் தறியில உக்காந்தவ இல்ல, ஒம்போது வருஷம் எல்லம்மா கடையில நின்னவ. கல்யாண ஜாக்கெட்ல கொக்கி ஊசியால பூவு, மயிலு எல்லாம் போடறாங்களே, ஆரி வேலை, அதுக்கு வேண்டிய நூலு, மணி, கல்லு, துணியை இழுத்துக் கட்டற மரச் சட்டம் விக்கற கடை. முகூர்த்த மாசம் வந்துட்டா எங்களுக்குச் சோறு துன்ன நேரம் இருக்காது.

எல்லம்மா முசரவாக்கத்துக்காரி. கையளவு நெலம் இல்லாத வீடு. அம்மா அடுத்தவங்க கழனியில நாத்து நட்டவ. அப்பன் குடிச்சிட்டு அடிச்சான். கட்டினவன் குடிக்காமலே அடிச்சான். ஒருநாள் ஆரி சட்டத்துலேருந்து கட்டையை உருவி இவ திருப்பிக் குடுத்தா பாருங்க, அவன் அன்னிக்குப் போனவன்தான், திரும்பி வரல. பஸ் ஸ்டாண்டு ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் டேபிள் போட்டு மணி விக்க ஆரம்பிச்சா. ஆறே வருஷத்துல போர்டு மாட்டினா: எல்லம்மா ஆரி சென்டர்.

அவ கடையில ஒரு வழக்கம் உண்டு. கலர் நூலு கேட்டு யார் வந்தாலும் ஒரு சாண் வெட்டி, பிளாஸ்க்ல இருக்கற வெந்நீர்ல முக்கி, வெள்ளைத் துணி மேல வெச்சு கட்டை வெரலால அமுக்குவா. துணியில ஒரு பொட்டு எறங்கியிருக்காது. "சாயம் போனா என்னை வந்து அடி"ன்னு சொல்லி நூலை அவங்க கையில வைப்பா. அது ஊர்ப் பேச்சாவே ஆயிடுச்சு. கவர்லயும் அதையே அச்சடிச்சோம். ஒருத்தரும் அடிக்க வந்ததில்ல, ஏன்னா ஒரு நூலும் சாயம் போனதில்ல.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க ஊர்ல யாரும் கடைப் பேரை முழுசா சொல்றது இல்ல. நூலு எங்க வாங்கினேன்னு கேட்டா, "எல்லம்மாகிட்ட"ன்னுதான் சொல்லுவாங்க. கடைக்கும் ஆளுக்கும் சேத்து அதே ஒரு சொல்லுதான்.

அப்பதான் மெட்ராஸ் கம்பெனிக்காரன் ஒருத்தன் எதிர்லயே கடை போட்டான். மூணு மாடி, ஏசி. நாங்க வாங்கற வெலைக்கும் கம்மியா அவன் வித்தான், ஒரு வருஷம் பூரா. எங்க கடை போண்டி ஆச்சு. ஷட்டரை எறக்கின மறுவாரம் அவங்க மேனேஜர் உதயகுமார் ஸ்வீட் பாக்ஸோட வந்து நிக்கறான். சரக்கு வேணாமாம், அலமாரி வேணாமாம், பேரு மட்டும் போதுமாம். அவன் கம்பெனிக்கு அதே பொழப்பு. விழுந்த கடைங்களோட பேரை வாங்கி, தன் கடைக்குள்ள ஒரு மூலையில அந்த போர்டை மாட்டிக்கறது. பழைய ஜனங்க பேரைப் பாத்து உள்ள வருவாங்கல்ல.

பேரு போனா இன்னா, ஆளு நான் இருக்கறேனேன்னு எல்லம்மா சிரிச்சா. நானும் கூடச் சேந்து சிரிச்சேன், மூதேவி. இங்கிலீஷ்ல இருந்த பேப்பர்ல கையெழுத்துப் போட்டா. போர்டைக் கழட்டிக்கினு போவான், அவ்ளோதான்னு நெனச்சோம். போனது போர்டு மட்டும் இல்ல. கடை போன் நம்பர் போச்சு, கவர்ல இருந்த வார்த்தை போச்சு. இனிமே அந்தப் பேர்ல இவ வியாபாரமே பண்ணக்கூடாதாம். வீட்ல சட்டம் போட்டு, அடுத்தவங்க ஜாக்கெட்டுக்குக் கூலிக்கு ஆரி போட உக்காந்துட்டா.

அவங்க எங்கேருந்தோ மூட்டை மூட்டையா நூலை எறக்கி, எல்லம்மா கவர்ல போட்டு வித்தாங்க. வெந்நீரும் கிடையாது, வெள்ளைத் துணியும் கிடையாது.

ஓரிக்கையில ஒரு கல்யாணம். வீரபாகுன்னு ஒருத்தன், அவன் அக்கா பொண்ணுக்கு. சந்தனக் கலர் முகூர்த்தப் பட்டு, ஜாக்கெட்ல அரக்கு நூலு. மணவறைப் பொகையில பொண்ணுக்கு வேர்த்து ஊத்தியிருக்குது. தோள்லேருந்து மடி வரைக்கும் பட்டுல சாயம் செவப்பா எறங்கிடுச்சு. தாலி ஏறலாமா வேணாமான்னு மாப்பிள்ளையோட அம்மா சபையிலயே கேட்டுட்டாளாம். தாலி ஏறிச்சு, ஆனா ராசியில்லாதவன்னு பேரு வாங்கி, மூணாம் நாளே பொண்ணு அழுதுக்கினு பொறந்த வீட்டுக்கு வந்துட்டா. நூலு எங்க வாங்கினேன்னு தாய்மாமன் கேட்டிருக்கான். பொண்ணு சொல்லியிருக்குது, "எல்லம்மாகிட்ட"ன்னு.

அவன் மூணு மாடிக் கடைக்குப் போகல. எல்லம்மா வீடு எதுன்னு விசாரிச்சான். ஊரு கை காட்டிச்சு.

நான் அங்கதான் இருந்தேன். நாலு பேரோட உள்ள வந்து, அந்தப் பட்டை அவ மூஞ்சியில எறிஞ்சான். இவ நூலை எச்சில் தொட்டுத் தேச்சுப் பாத்து, இது என் நூலு இல்லன்னா. அவன் கவரை நீட்டினான்.

"இது உன் பேரு இல்லியா? உன் வார்த்தை இல்லியா?"

அவளால இல்லன்னு சொல்ல முடியல. பொளேர்னு ஒரு அறை. இவளும் விடல, திருப்பி அறைஞ்சா. அதுக்கப்புறம் மயிரைப் புடிச்சு தெருவுக்கு இஸ்துக்கினு போனாங்க. வயித்துல ஒதைச்சாங்க. அவ பொறந்த தெருவைச் சொல்லி வீரபாகு ஒரு வார்த்தை திட்டினான், அத நான் என் வாயால சொல்ல மாட்டேன். ஒருத்தன் கையை நான் கடிச்சேன், சதை பேந்துது, என்னைக் கால்வாய்ல தள்ளிட்டான். நான் எழுந்து வரங்காட்டியும் வீரபாகு அவ வலது கையை பூட்ஸ் காலால மிதிச்சுத் திருகினான். எலும்பு ஒடையற சத்தம் எனக்குக் கேட்டுது.

ரெண்டு வெரலு இனிமே மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊசி புடிக்கற வெரலுங்க. எல்லம்மா ஒரு சொட்டு கண்ணீர் விடல. அஞ்சாம் நாள் என் போனை வாங்கி, இடது கையால பழைய கடை நம்பரை அழுத்தினா. ஸ்பீக்கர்ல ஒரு சின்னக் குரல் வந்துது.

"வணக்கம்மா, எல்லம்மா பேசறேன்."

எந்த எல்லம்மான்னு இவ கேட்டா. ஆரி சென்டர் எல்லம்மாதான்மான்னு பதில் வந்துது. போனை என் மடியில போட்டுட்டு எழுந்தா. பக்கத்து வீட்ல செவுரு இடிச்சுக்கினு இருந்தாங்க, அங்கேருந்து கடப்பாரையை எடுத்துக்கினு நடந்தா. நான் தடுக்கல. தடுக்கணும்னு தோணவும் இல்ல.

மூணு மாடிக் கடையோட கண்ணாடிக் கதவு மொத அடியிலயே கொட்டிச்சு. அப்பால மணி ஜாடிங்க, ஒண்ணு விடாம. தரை பூரா மணி உருண்டு, ஓடினவங்க எல்லாம் வழுக்கி விழுந்தாங்க. ஒத்தைக் கையிலதான் சுத்தறா, கட்டுப் போட்ட கையை நெஞ்சுல அணைச்சுக்கினு. புடிக்க வந்த உதயகுமாருக்குத் தோள்ல விழுந்துது, அவன் அம்மான்னு உக்காந்துட்டான். போர்டை ரெண்டாப் பொளந்தா. கல்லாவுக்குக் கீழ ஒரு பொண்ணு காதுல போன் பேசற மெஷினோட சுருண்டுக்கினு இருந்துது. அது சட்டையில குத்தின பட்டையில "எல்லம்மா"ன்னு எழுதியிருந்துது. கடப்பாரை மேல போச்சு.

"அப்பிடிச் சொல்லச் சொன்னாங்கக்கா"ன்னு அது கத்திச்சு.

"உன் பேரு இன்னா?"

"ஏஞ்சல்."

"அப்ப அதைச் சொல்லு"ன்னு எல்லம்மா கடப்பாரையைக் கீழ போட்டா.

போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதற ரைட்டர் நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். அவளுக்குச் சேர் போட்டாரு, டீ வாங்கிக் குடுத்தாரு. கம்பெனிக்காரன் குடுத்த புகாரைப் படிச்சாரு. குடுத்தவங்க பேரு எல்லம்மா. அடிச்சு ஒடைச்சவங்க பேரும் எல்லம்மா. இன்னாயா வெளையாடறீங்களான்னு சத்தம் போட்டாரு. அடிபட்ட தோளுக்குத் தூளி கட்டிக்கினு நின்ன உதயகுமார், சார், அந்தப் பேரு கம்பெனிக்குச் சொந்தம், பேப்பர் இருக்குதுன்னு எடுத்து நீட்டினான். ரைட்டர் ரெண்டு தடவை படிச்சுப் பாத்தாரு. பேனாவை மூடி, திருப்பித் தொறந்தாரு. அப்பால கொரலைத் தணிச்சு இவளைக் கேட்டாரு.

"ஏம்மா, உனக்கு வேற எதாச்சும் பேரு இருக்குதா?"

"எங்கம்மா எனக்கு வெச்சது அது ஒண்ணுதான் சார்."

சொல்லிட்டு மேஜை மேல தலையை வெச்சு எல்லம்மா அழுதா. தெருவுல போட்டு மிதிச்சப்ப அழாதவ, ஸ்டேஷன்ல அத்தினி பேருக்கு முன்னால ஓன்னு அழுதா.